பைக்க இளைக்க வச்சது: 13.9 கிலோ, 1,560 வெள்ளி, 64 நிப்பிள்

எல்லாம் சிங்கப்பூர் சாங்கி படகுத்துறையிலதான் ஆரம்பிச்சுச்சு. புலாவ் உபின் தீவுக்குப் போக பம்போட்ல, அதாவது சின்ன மோட்டார் படகுல ஏறணும், தலைக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சைக்கிளுக்கு தனியா 2 வெள்ளி, 12 பேர் சேர்ற வரைக்கும் படகு கிளம்பாது. அன்னிக்கு அலை கொஞ்சம் கூட, படகு மேலயும் கீழயும் ஆடுது, நான் பைக்க தோள்ல போட்டுக்கிட்டு ஒரு கால் படியில ஒரு கால் படகு விளிம்புலன்னு நிக்கிறேன், பெடல் தொடையில குத்துது, படகுக்காரர் சீக்கிரம் வான்னு கைய ஆட்டுறார். எனக்குப் பின்னாடி வந்த ஒரு அங்கிள், 60 வயசுக்கு குறையாது, மார்க்கெட் பையத் தூக்குற மாதிரி ஒத்தக் கையில அவர் பைக்க தூக்கி உள்ள வச்சுட்டு உக்காந்து கண்ணாடிய துடைக்க ஆரம்பிச்சுட்டார். நான் இன்னும் விளிம்புலயே நிக்கிறேன்.

வீட்டுக்கு வந்து லக்கேஜ் தராசுல மாட்டிப் பாத்தா 13.90 கிலோ, பெடலோட, தண்ணி பாட்டில் இல்லாம. 2019 மாடல் அலுமினியம் ஹார்ட்டெயில் (பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாத மவுண்டன் பைக்), 29 இஞ்ச் சக்கரம், முன்னாடி ஸ்பிரிங் சஸ்பென்ஷன் வச்ச காயில் ஃபோர்க், மூணு பல்லுச் சக்கரம் வச்ச கிராங்க், பின்னாடி 9 ஸ்பீடு. செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. ஓட்டுறதுக்கு ஒரு குறையும் இல்ல, ஆனா அந்த அங்கிளப் பாத்ததுல இருந்து மனசு கேக்கல.

இங்க ஒண்ணு சொல்லணும். மத்த ஊர்ல மவுண்டன் பைக் எடை குறைக்கிறதுன்னா மலை ஏறத்தான். நமக்கு எங்க மலை, புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர் சொச்சம்தான், அதுலயும் பைக் போற பாதை உச்சிக்கு போகாது, மலையச் சுத்தி ஒரு 6 கிலோமீட்டர் ஓடுது. கணக்குப் போட்டா நானும் பைக்கும் சேர்ந்து 96 கிலோ, அதுல 3 கிலோ குறைச்சா 3 சதவீதம், ஏத்தத்துல அதுக்கு மேல ஒண்ணும் கிடைக்காது. எனக்கு எடை உறைக்கிறது தூக்குறப்பதான். எம்ஆர்டி ரயில்ல மடக்குற சைக்கிள்தான் ஏத்த விடுவாங்க, முழு சைஸ் பைக் கூடாது, அதனால தெம்பனிஸ்ல இருந்து எங்க போனாலும் ஓட்டிக்கிட்டே போகணும், வழியில மேம்பாலப் படிக்கட்டு, உபின்ல இருக்கிற கெத்தாம் பைக் பார்க்ல ஏற முடியாத பாறைக்கு தோள்ல போட்டு நடக்கணும், அப்புறம் இந்த பம்போட். இது நியாயமான காரணம். நியாயமில்லாத காரணமும் இருக்கு, அது அந்த அங்கிள்.

இலக்கு 11 கிலோவுக்குள்ள, பட்ஜெட் 1,200 வெள்ளி. ரெண்டுமே நான் நெனச்ச மாதிரி நடக்கல.

முதல் வேலையா மொத்தத்தையும் கழட்டி ஒவ்வொரு சாமானையும் கிச்சன் தராசுல வச்சேன். "சப்பாத்தி மாவு அளக்குற தராசுல கிரீஸ் கைய வைக்காதீங்க"ன்னு வீட்டுல ஒரு சத்தம், சரின்னு பிளாஸ்டிக் பை விரிச்சு வச்சேன். கம்பெனிக்காரன் இணையத்துல போட்டிருக்கிற எடைய நம்பாதீங்க, அது பெரும்பாலும் சின்ன சைஸுக்கு, வெட்டாத கேபிளோ போல்ட்டோ கணக்குல வராது. நீங்களே அளந்தாதான் எங்க கொழுப்பு இருக்குன்னு தெரியும். எனக்கு தெரிஞ்சது இதுதான்: ஃபோர்க் 2,620 கிராம், சக்கரம் ரெண்டும் டயர் இல்லாம 2,350, டயர் ஒண்ணு 880, டியூப் ஒண்ணு 210. ஃப்ரேம் 1,850தான். நான் அதுவரைக்கும் ஃப்ரேமத்தான் குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

எக்செல்ல ரெண்டு காலம் (column) போட்டேன், எத்தன கிராம் குறையும், எத்தன வெள்ளி ஆகும். வகுத்தா ஒரு கிராமுக்கு இத்தன காசுன்னு வரும், சீப்பானதுல இருந்து ஆரம்பிக்கலாம்னு திட்டம். என் பொண்டாட்டி அக்கவுண்ட்ஸ்ல வேல பாக்குறா, எக்செல்னா சும்மா விட மாட்டா, பின்னாடி நின்னு பாத்துட்டு, "ஏங்க, இதுல எது உடைஞ்சா நீங்க விழுவீங்கன்னு எங்க போட்டிருக்கு?"ன்னா. போடல. அவளே மூணாவது காலம் ஒண்ணு சேத்தா. அதுல மூணே பதில்: "ஒண்ணுமில்ல", "நடராஜா சர்வீஸ்", "ஆஸ்பத்திரி". உடைஞ்சா ஓட்டிக்கிட்டே வரலாம், உடைஞ்சா தள்ளிக்கிட்டு நடக்கணும், உடைஞ்சா ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரின்னு வர்ற சாமான்ல கடைசி கிராம் வரைக்கும் துரத்தக் கூடாது, ஒண்ணுமில்லன்னு வர்றதுல எவ்வளவு வேணா கிறுக்குத்தனம் பண்ணிக்கலாம், இதுதான் அவ போட்ட சட்டம். அமெரிக்காவுல கீத் பான்ட்ரேகர்னு ஒரு பில்டர், பலமா, லேசா, மலிவா, இதுல ரெண்ட எடுத்துக்கோன்னு சொன்னதா பைக்காரங்க எல்லாரும் சொல்வாங்க. அது சரிதான், ஆனா எந்த ரெண்டுன்னு ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியா முடிவு பண்ணனும், மொத்த பைக்குக்கும் சேத்து ஒரே தடவ இல்ல. அத எனக்கு புரிய வச்சது பான்ட்ரேகர் இல்ல, அந்த காலம்தான்.

சரி, ஃபோர்க். காயில்ல இருந்து, ஸ்பிரிங்குக்கு பதிலா காத்து அடைச்ச ஏர் ஃபோர்க்குக்கு போனதுதான் பெரிய வெட்டு. செகண்ட் ஹேண்ட் ராக்‌ஷாக்ஸ் ரீபா, 100 மிமீ, 280 வெள்ளி, சீல், ஆயில் எல்லாம் மாத்த 45. என் தராசுல 1,690 கிராம், அதாவது 930 கிராம் குறைஞ்சுச்சு, கிராமுக்கு 35 காசு. பழைய ஃபோர்க் வாங்குறப்ப ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, மேல இருக்கிற தண்டோட நீளம், முந்துன ஓனர் அவர் ஃப்ரேமுக்கு வெட்டியிருப்பார், உங்க ஹெட் டியூப் (அந்த தண்டு நுழையுற ஃப்ரேம் குழாய்), ஸ்டெம் (ஹேண்டில்பார புடிக்கிறது), நடுவுல போடுற ஸ்பேசர் வளையம் எல்லாம் சேத்து அளந்துட்டுப் போங்க, ஒரு சென்டிமீட்டர் கம்மின்னாலும் அது உங்களுக்கு இல்ல. ரெண்டு, பளபளன்னு இருக்கிற காலோட பின்பக்கம் நகத்தால மேல இருந்து கீழ வரைக்கும் தேய்ச்சுப் பாருங்க, நகம் மாட்டுச்சுன்னா அந்த கீறல் சீல அறுத்து ஆயில் கசிய விடும். எனக்கு வித்த பையன் நான் நகத்தால தேய்க்கிறத ஏதோ பைத்தியத்த பாக்குற மாதிரி பாத்தான்.

டயரும் டியூபும்தான் இந்த மொத்த வேலையிலயும் ரொம்ப சீப்பான கிராம். ஓரத்துல கம்பி வச்ச 880 கிராம் டயர தூக்கிப் போட்டுட்டு மடக்குற டயர் 690 கிராம் ரெண்டு, 120 வெள்ளி, 380 கிராம் மிச்சம். டியூப்லெஸ் பண்ண டேப், வால்வு, ஓட்டைய தானா அடைக்கிற சீலன்ட் திரவம் எல்லாம் 45 வெள்ளி, டியூப் ரெண்டும் போயி சீலன்ட் உள்ள வந்தும் 180 கிராம் மிச்சம், கிராமுக்கு 25 காசு. அதோட காத்து கம்மியா வச்சு ஓட்டலாம், எனக்கு முன்னாடி 21 பிஎஸ்ஐ, பின்னாடி 24, வேர்மேல போறப்ப சக்கரம் குதிக்காம ஒட்டிக்கிட்டுப் போகுது. சக்கர ஓரத்துல குறையுற எடைக்கு வேகம் எடுக்குறப்ப கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு மதிப்பு, ஏன்னா அத முன்னாடியும் தள்ளணும் சுத்தவும் வைக்கணும். ஒரே வேகத்துல ஏறுறப்ப அப்படி இல்ல, அங்க எடை எங்க இருந்தாலும் எடைதான். நம்ம டிரெயில்ல ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ பிரேக் புடிச்சு திரும்ப மிதிக்கிறோமே, அதனாலதான் டயர் மாத்துனது மத்த எல்லாத்தையும் விட காலுக்கு தெரிஞ்சுச்சு.

இப்ப ஏமாந்த கதை. "ஒன் பை போடு மச்சான், அரை கிலோ குறையும்"னு என்எஸ் (கட்டாய ராணுவ சேவை) காலத்துல இருந்து கூட வர்ற கூட்டாளி ஒருத்தன் சொன்னான். முன்னாடி ஒரே ஒரு பல்லுச் சக்கரம், பின்னாடி 12. சிமானோ டியோர் செட், மொத்தம் 380 வெள்ளி. முன் டீரெய்லர் (செயின ஒரு பல்லுச் சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு தள்ளுறது) 155 கிராம், இடது ஷிஃப்டர் (கியர் மாத்துற லீவர்) 125, கேபிள் 70, கிராங்க்ல 155, கூட்டுனா 505, அவன் சொன்ன அரை கிலோ அப்படியே வருது. ஆனா பழைய 9 ஸ்பீடு கேசட், அதாவது பின்னாடி இருக்கிற பல்லுச் சக்கர அடுக்கு, 395 கிராம், புது 10-51 கேசட் (சின்னதுல 10 பல்லு, பெருசுல 51) 593. பின் டீரெய்லரும் 20 கிராம் கூட. ஆக கையில நின்னது 287 கிராம், கிராமுக்கு 1 வெள்ளி 32 காசு. மொத்த லிஸ்ட்லயும் இவ்வளவு காசு போட்டு இவ்வளவு கொஞ்சமா குறைஞ்ச பெரிய சாமான் வேற இல்ல. ஆனா நான் வருத்தப்படல, முன் டீரெய்லர்ல சேறு அடைச்சு செயின் கழண்டு விழற தொல்லை ஒழிஞ்சுச்சு, அதுக்கே அந்தக் காசு தகும். எடைக்காக மட்டும் ஒன் பை போறவங்க கேசட்டையும் தராசுல வச்சுட்டுப் போங்கன்னுதான் சொல்றேன்.

கேசட்ல ஏன் மேல போகலன்னு கேப்பீங்க. சிமானோவுல கீழ் தரத்துல இருந்து மேல போனா, அதே 10-51, டியோர் சுமார் 590, எஸ்எல்எக்ஸ் 535, எக்ஸ்டி 470, எக்ஸ்டிஆர் 370 கிராம். டியோர்ல பல்லெல்லாம் இரும்பு, மேல போகப்போக பெரிய பல்லு அலுமினியமா மாறும், எக்ஸ்டிஆர்ல டைட்டானியம் வரைக்கும் போகும். நான் பாத்த விலையில எஸ்எல்எக்ஸ்க்கு போனா ஒரு கிராமுக்கு ஒரு வெள்ளி, எக்ஸ்டிஆர்னா அதுக்கும் மேல. அலுமினியம் பல்லு இரும்ப விட சீக்கிரம் தேயும், நானோ செயின் துடைக்காம ரெண்டு வாரம் போட்டு வைக்கிற ஆளு. இரும்பே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

கார்பன் ஃப்ரேம் ஆசை வராம இல்ல. பேர் போடாத ஒரு ஃப்ரேம், 1,150 கிராம்னு போட்டிருந்தான், 650 வெள்ளி. 700 கிராம் குறையும், கிராமுக்கு 93 காசு, ஒன் பை விட சீப்பு! மூணாவது காலத்துல என்ன போடுறதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். கார்பன் பலமில்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, நல்லா செஞ்ச கார்பன் நல்லாவே தாங்கும். பிரச்சன என்னன்னா அடி பட்டா வெளியில தெரியாம உள்ள இழை விட்டிருக்கும், எனக்கு அத கண்டுபிடிக்கத் தெரியாது, யார் எப்படி செஞ்சதுன்னும் தெரியாது. அலுமினியத்துக்கு ஆயுசு முடிவில்லாம கிடையாது, சின்னச் சின்ன அதிர்வே சேந்து சேந்து ஒரு நாள் விரிசல் விடும், ஆனா பத்து வச்ச இடத்துல பெயின்ட் மயிரிழையா வெடிக்கிறது கண்ணுக்கு தெரியும். தெரியுற வியாதி பரவால்லன்னு பழைய ஃப்ரேமையே வச்சுக்கிட்டேன். ஹேண்டில்பாரும் அதே கதைதான், கார்பன் பார்க்கு நேரா அவ பெருசா ஆஸ்பத்திரின்னு எழுதி வச்சிருந்தா, கொஞ்சம் லேசான அலுமினியத்தோட நின்னுக்கிட்டேன்.

மத்த சில்லறை வேலையெல்லாம் சுருக்கமா சொல்லிடுறேன். சீட் மாத்துனதுல 135 கிராம், சீட்போஸ்ட் 95, பெடல் 80, பார் 65, ஃபோம் கிரிப் 55, ஸ்டெம் 35, எல்லாம் சேந்து 465 கிராம், 232 வெள்ளி. டைட்டானியம் போல்ட் 38 வெள்ளிக்கு வாங்குனேன், 22 கிராம் குறைஞ்சுச்சு, கிராமுக்கு 1 வெள்ளி 73 காசு, லிஸ்ட்லயே அநியாய விலை, ஆனா அந்த ஊதா கலர் நல்லா இருந்துச்சு. அலுமினியம் போல்ட்டும் வருது, இன்னும் லேசு, பாட்டில் ஹோல்டருக்கு போட்டுக்கோங்க, ஸ்டெம்லயும் பிரேக்லயும் வேணவே வேணாம். பிரேக் டிஸ்க் சின்னது போட்டா கொஞ்சம் குறையும்னாங்க, 82 கிலோ ஆளு இறக்கத்துல நிக்கணும்ல, தொடல.

சக்கரத்துக்கு வருவோம், இதுலதான் வயித்தெரிச்சல் எல்லாம்.

ஃப்ரேம் பழைய 135 மிமீ க்யூஆர் (லீவர் வச்ச மெல்லிசான அச்சு), ஃபோர்க் 15 மிமீ த்ரூ ஆக்ஸில் (உள்ள நுழைச்சு முடுக்குற தடிச்ச அச்சு), புது கேசட் மாட்ட மைக்ரோ ஸ்ப்லைன்ங்கிற வகை ஹப் (சக்கரத்தோட நடுப் பாகம்) வேணும். ரெடிமேட் செட் எதுவும் மூணுக்கும் சேத்து பொருந்தல, அதனால ரெண்டு ஓரத்து மூடிய (எண்ட் கேப்) அச்சுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிற ஹப் செகண்ட் ஹேண்ட்ல புடிச்சு, ரிம்மும் ஸ்போக்கும் புதுசா வாங்கி, சக்கரம் கட்டுறதுக்கு ஒரு பழைய கடை அங்கிள்கிட்ட போனேன். அடுக்குமாடி வீட்டுக்கு கீழ இருக்கிற திறந்த தளம், வாய்ட் டெக், அது ஓரமா சின்னக் கடை, அவர் 40 வருசமா சக்கரம் கட்டுறார். ஸ்போக் நீளம் நானே கணக்குப் போட்டு வாங்கிட்டு வந்தேன், கணக்குப் போடுற வெப்சைட்ல ரிம் அளவ தட்டுனா வந்துடும், அதுல என்ன இருக்குன்னு ஒரு தெனாவெட்டு. நிப்பிள், அதாவது ஸ்போக்க ரிம்மோட சேத்து முடுக்குற சின்ன நட்டு, அலாய், அலுமினியம். பித்தளை நிப்பிள் ஒண்ணு சுமார் 1 கிராம், அலாய் அதுல மூணுல ஒரு பங்கு. 64 நிப்பிளுக்கு 42 கிராம் மிச்சம், 14 வெள்ளி கூட, கிராமுக்கு 33 காசு, கிட்டத்தட்ட டயர் விலை. அங்கிள் அந்த பாக்கெட்ட கையில எடுத்துப் பாத்துட்டு, "பாய் ஆ, பிராஸ் பெட்டர் லா"ன்னார். நான் இல்ல அங்கிள், லைட் வேணும்னேன். அவர் தோள குலுக்கிட்டு கட்ட ஆரம்பிச்சுட்டார். மூணாவது காலத்துல நிப்பிளுக்கு நேரா நானே "ஒண்ணுமில்ல"ன்னு போட்டேன், 64ல ஒண்ணு உடைஞ்சா என்ன, மிச்சம் 63 தாங்காதா.

சக்கரம் வந்தப்ப 1,720 கிராம், 630 கிராம் குறைஞ்சுச்சு, ஹப், ரிம், ஸ்போக், கூலி எல்லாம் 420 வெள்ளி. எல்லாத்தையும் பூட்டி தராசுல மாட்டுனேன். 11.01. ஒரு கிலோவுல நூத்துல ஒரு பங்கு! பெல்லையும் செயின்ஸ்டே (செயின் பக்கத்துல போற ஃப்ரேம் குழாய்) மேல ஒட்டுன ரப்பரையும் கழட்டிட்டு பைக்க திரும்ப தராசுல மாட்டுனேன், 10.98. போட்டோ எடுத்து கூட்டாளிங்க குரூப்புல போட்டுட்டு, பெல்ல திரும்ப மாட்டுனேன். மொத்தச் செலவு 1,560. அதே வாரம் தண்ணிப் பை, டூல்ஸ், பவர் பேங்க், பழம்னு நான் முதுகுல சுமந்துக்கிட்டுப் போன பைய அதே தராசுல வச்சுப் பாத்தேன், 4.1 கிலோ. அத யாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பல.

அஞ்சு மாசம் ஜாலியா ஓடுச்சு. செஸ்நட் பார்க் டிரெயில்ல ஒரு ஞாயித்துக்கிழமை, கூட்டாளி வேன்ல ஏத்திக்கிட்டு போயிருந்தோம், மழை விட்டு மறுநாள், மண்ணு நல்ல பிடி. ஒரு வளைவுல பின் சக்கரத்துல "டிங்". கல்லு தெறிச்சிருக்கும்னு விட்டுட்டேன். ஒரு நிமிஷத்துல இன்னொரு "டிங்". அப்புறம் தொடர்ந்து ரெண்டு. பிரேக் புடிக்காமலே வண்டி இழுக்குது, இறங்கிப் பாத்தா பின் சக்கரம் அப்பளம் மாதிரி வளைஞ்சு டயர் ஃப்ரேம்ல உரசுது, வலது பக்கம் நாலு ஸ்போக் தொளதொளன்னு ஆடுது. ஸ்போக் உடையல, ஸ்போக்க புடிச்சிருந்த நிப்பிளோட தலை போயிருக்கு. நடராஜா சர்வீஸ், முக்கால் மணி நேரம், தோள்ல 11 கிலோ. லேசாத்தான் இருந்துச்சு, அத ஒத்துக்கணும்.

வீட்டுக்கு வந்து டயரக் கழட்டி டேப்ப உரிச்சேன். ரிம்ம ஆட்டுனா உண்டியல் மாதிரி கலகலன்னு சத்தம். ஓட்ட வழியா கொட்டுனா நாலு நிப்பிள் தலை உடைச்ச உளுந்து மாதிரி விழுது, ஒவ்வொண்ணு ஓரத்துலயும் வெள்ளையா மாவு. உடையாத நிப்பிள்லயும் அதே வெள்ள மாவு, ஸ்போக் ரென்ச் வச்சு கால் சுத்து திருப்புறேன், இன்னும் ரெண்டு அப்படியே பொடியா வந்துடுச்சு. ஒரு பக்கம் டேப் ஓரம் தூக்கி சீலன்ட் உள்ள கசிஞ்சிருக்கு, நான் வாங்குனது அம்மோனியா கலந்த சீலன்ட், அலுமினியத்துக்கு அது ஆகாது. அதோட பம்போட்ல தெறிக்கிற கடல் தண்ணி, வேர்வ, துருப்புடிக்காத இரும்பு ஸ்போக்கும் அலுமினியம் நிப்பிளும் ஒட்டிக்கிட்டு நடுவுல உப்புத் தண்ணி நின்னா அலுமினியத்ததான் அரிக்கும். அங்கிள்கிட்ட கொண்டு போனேன், அவர் எதுவும் சொல்லிக் காட்டல, அதான் இன்னும் வலிச்சுச்சு. ஒரு நிப்பிள எடுத்து லைட்டு முன்னாடி வச்சு ஸ்போக் நுனி எங்க நிக்குதுன்னு காட்டுனார். தலைக்கு கீழயே நின்னுடுச்சு. வலது பக்கம் 16 ஸ்போக்கும் 2 மிமீ கட்டை, நான் போட்ட கணக்கு. ஸ்போக் நுனி நிப்பிளோட தலைக்குள்ள, ஸ்க்ரூடிரைவர் பள்ளம் வரைக்கும் வரணும், வரலன்னா இழுவை முழுக்க தலைக்கும் கழுத்துக்கும் நடுவுல இருக்கிற அந்த மெல்லிசான இடத்துல விழும். பித்தளையா இருந்தா மன்னிச்சிருக்கும். அலாய் மன்னிக்கல.

அன்னிக்கு ராத்திரி எக்செல்ல திறந்து "ஒண்ணுமில்ல"ய அழிச்சேன். 64 இருக்கு, ஒண்ணு போனா 63 தாங்கும்னு நான் போட்ட கணக்கு, ஒண்ணொண்ணும் தனித்தனியா சாகும்னு நெனச்சுப் போட்டது. அதே உப்பு, அதே சீலன்ட், அதே கட்டை ஸ்போக், ஒண்ணு எப்ப போகுமோ மிச்சமும் அப்பதான் போகும். சரியான நீளத்துல ஸ்போக் 16க்கு 24 வெள்ளி, பித்தளை நிப்பிள் 15, கூலி 60, ஆக 99 வெள்ளி. 14 வெள்ளின்னு நெனச்ச 42 கிராமுக்கு 113 வெள்ளி கட்டி, கடைசியில அந்த 42 கிராமும் திரும்ப வந்துடுச்சு. இத ஏன் இவ்வளவு நீட்டி எழுதுறேன்னா, இங்க இருக்கிறவங்க வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு லேசான சாமான் வாங்குறோம், அவங்க ஊரு காஞ்ச ஊரு. நமக்கு பாறையில அடி வாங்கி உடையுறத விட வேர்வையிலயும் ஈரத்துலயும் அரிச்சு உடையுறதுதான் ஜாஸ்தி. ஹேண்டில்பார் திரும்புற இடத்துல இருக்கிற என் ஹெட்செட் மேல் பேரிங் எட்டு மாசத்துல துரு, ஏன்னா மூக்குல இருந்து சொட்டுற வேர்வ நேரா அங்கதான் விழுது. இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ சீட்போஸ்ட்ட உருவி துடைச்சு கிரீஸ் போடுறேன், டைட்டானியம் போல்ட்டுக்கெல்லாம் ஆன்ட்டி சீஸ் பசை தடவுறேன், இல்லன்னா அலுமினியத்துக்குள்ள அப்படியே ஒட்டிக்கும். சீலன்ட்டும் இந்த வெக்கையில எனக்கு ஏழு வாரத்துல காஞ்சு உள்ள ரப்பர் கொழுக்கட்டையா உருண்டு கிடக்கு, அதனால ரெண்டு மாசம் வரைக்கும் விடுறதே இல்ல.

பின் டயர் கதை வேற. கெத்தாம் பக்கம் எல்லாம் கருங்கல், உபின்ல அந்த காலத்துல கல்லு உடைச்ச குவாரிங்க இருந்த இடம், ஓரம் கத்தி மாதிரி நிக்கும். 690 கிராம் டயரோட பக்கச் சுவர் ரெண்டு சென்டிமீட்டர் கிழிஞ்சுச்சு, சீலன்ட் பீச்சி அடிக்குது, ஓட்டையில சொருகுற பிளக் நிக்கல. பையில 80 கிராம் டிபியு டியூப், லேசான பிளாஸ்டிக் டியூப், இருந்துச்சு, அத வெளியில வச்சு ஊதிப் பாக்காதீங்க, டயருக்குள்ள வச்சுதான் காத்தடிக்கணும், இல்லன்னா உப்பி நாசமாயிடும். கிழிசல் வழியா டியூப் வெளிய பிதுங்காம இருக்க ஏதாவது வைக்கணும், ரெண்டு வெள்ளி நோட்டு ஞாபகம் வந்துச்சு, நம்ம நோட்டு பிளாஸ்டிக், மடிச்சு உள்பக்கம் வச்சேன், படகுத்துறை தாண்டி தெம்பனிஸ் வரைக்கும் தாங்குச்சு. அப்புறம் கழுவிக் காய வச்சு காப்பிக் கடையில குடுத்தேன், சீலன்ட் வாசனையோட. பின்னாடிக்கு இப்ப தடிச்ச பக்கச் சுவர் வச்ச டயர், 840 கிராம், 150 கிராம் கூட. முன் டயர் அதே 690, முன்னாடி நம்ம கண்ணு பாத்து திருப்பிக்கலாம், பின் சக்கரம் குருடு, வர்ற கல்லு எல்லாத்துலயும் ஏறும்.

ஃபோம் கிரிப்பும் போச்சு. 60 கிராம் அழகா இருந்துச்சு, ஆனா வேர்வ ஊறி ஒரு நாள் இறக்கத்துல கைக்குள்ளயே சுத்துச்சு. கூட்டாளி சிரிக்கிறான், எனக்கு உயிரு போயிட்டு வந்துச்சு. ஸ்க்ரூ வச்சு பூட்டுற கிரிப்புக்கு திரும்பிட்டேன், 50 கிராம் கூட. அத மூணாவது காலத்துல நேரா ஆஸ்பத்திரின்னு எழுத வேண்டியது, நான் ஃபேஷன் சாமான்னு நெனச்சு விட்டுட்டேன்.

ஆக இப்ப நிலவரம்: 11.25 கிலோ. தராசுல பெல்லும் இருக்கு, செயின்ஸ்டே ரப்பரும் இருக்கு. 13.90ல இருந்து 2.65 கிலோ குறைஞ்சிருக்கு. முதுகுப் பைய பிரிச்சு பவர் பேங்க், ரெண்டாவது மல்ட்டி டூல் எல்லாம் எடுத்துட்டு, தண்ணிய ஃப்ரேம் பாட்டில்ல மாத்துனேன், முதுகுல இப்ப ஒண்ணுமே இல்ல, அதுக்கு ஒரு காசும் ஆகல. காசுக்கு வாங்குன எடையில திரும்ப பண்ணச் சொன்னா டயர், டியூப்லெஸ், ஃபோர்க், பித்தளை நிப்பிளோட சக்கரம், இந்த நாலோட நின்னிருப்பேன், 910 வெள்ளிக்குள்ள முடிஞ்சிருக்கும். ஒன் பை அப்புறமா செயின் தேஞ்சப்ப பாத்துக்கலாம். நான் சின்ன வயசுல ஓட்டிப் பழகுன தெம்பனிஸ் பைக் பார்க், 2010 இளையர் ஒலிம்பிக் நடந்த இடம், 2014ல மூடிட்டாங்க, அங்க 16 கிலோ வாடகை பைக்லயே விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டு ஓட்டுனோம், அதையும் இங்க எழுதி வைக்கிறேன்.

போன வாரம் சாங்கியில ஒத்தக் கையில தூக்கி படகுல வச்சேன். அந்த அங்கிள் அன்னிக்கு இல்ல.

இப்ப கிராங்க்ல கிர்ருன்னு ஒரு சத்தம், உக்காந்து மிதிச்சா இல்ல, எந்திரிச்சு மிதிச்சாதான். கிராங்க் சுத்துற பிபி (பாட்டம் பிராக்கெட்) பேரிங்காத்தான் இருக்கணும், உள்ள தண்ணி போயிருக்கும். புதுசு வாங்கி வச்சிருக்கேன், சனிக்கிழமை மாத்தணும். எடை போட்டுப் பாத்தேன், பழக்கம் விடல. பழச கழட்டுனதும் அதையும் போடணும்.